படம் போரிங், நான் போர்ட்

நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைக்குப் படகு விடுகிற தம்பி ஒருவன், பின்னேரங்களில் என் வீட்டு விறாந்தைக்கு ஆங்கிலம் படிக்க வருவான். சீசன் முடியப்போகிற ஒரு நாள், படகில் வந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் அவனிடம், வாடைக்காற்று தொடங்கிக் கடல் பெருத்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார். இவனும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வேலை இல்லாததையும் வீட்டில் சும்மா இருப்பதையும் சொல்லிவிட்டு, கடைசியில் "ஐ ஆம் வெரி போரிங்" என்று முடித்திருக்கிறான். அந்த அம்மா பதறிப்போய், "நோ, நோ, யூ ஆர் நாட் போரிங் அட் ஆல்" என்றாராம்.

அன்று பின்னேரம் செருப்பைக் கழற்ற முன்னமே கேட்டான்: "சேர், எனக்கு அலுப்பா இருக்கெண்டு நான் சொல்றன். இல்லையெண்டு அவ எப்படிச் சொல்லலாம்?"

அவன் சொன்னது அதுவல்ல. 'நான் பெரிய அறுவை, என்னோடு ஐந்து நிமிடம் இருந்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும்' என்று சொல்லியிருக்கிறான். நல்ல மனுசி, மரியாதைக்கு மறுத்திருக்கிறார். அவன் சொல்ல நினைத்தது "ஐ ஆம் வெரி போர்ட்".

இந்தப் பிழையை நான் முப்பது வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பென்சன் எடுத்த பிறகும் விட்டபாடில்லை. இலக்கணப் புத்தகங்களில் இதற்குப் பார்ட்டிசிப்பியல் அட்ஜெக்டிவ் என்று பெயர். வினைச்சொல்லின் பின்னால் ஐஎன்ஜி வாலோ ஈடி வாலோ ஒட்டி, அதைப் பெயரடையாக நடக்க வைப்பது. நம்முடைய பெயரெச்சத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளலாம். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். இரண்டு வாலில் எந்த வால் என்பதுதான் சங்கதி.

பிழை எங்கே பிறக்கிறது என்று பார்த்தால், 'எனக்கு' என்ற சொல்லில். தமிழில் உணர்ச்சி நம்மிடம் வந்து சேர்கிறது. எனக்கு அலுப்பாக இருக்கிறது, எனக்குக் களைப்பாக இருக்கிறது, எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நான் எழுவாய் இல்லை, நாலாம் வேற்றுமையில் ஓர் ஓரமாக நிற்கிறேன். 'எனக்குப் போரிங்கா இருக்கு' என்று தமிழுக்குள் ஆங்கிலச் சொல்லைச் செருகிப் பேசும்போதும் ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் போரிங் என்பது அங்கே என்னைச் சுற்றி இருக்கிற நிலைமை. ஆனால் ஆங்கிலத்துக்குப் போகிறபோது 'எனக்கு' அப்படியே 'ஐ' ஆகிவிடுகிறது. ஓரமாக நின்ற ஆள் நடுவில் வந்து நிற்கிறார். வாலை மட்டும் மாற்ற மறந்துவிடுகிறோம்.

ஆகவே என் முதல் விதி தமிழிலிருந்துதான் தொடங்கும்: தமிழில் 'எனக்கு, அவனுக்கு, பிள்ளைக்கு' என்று எந்த ஆளுக்கு 'கு' போடுகிறீர்களோ, ஆங்கிலத்தில் அந்த ஆளுக்கு ஈடி. எனக்கு அலுப்பு, ஐ ஆம் போர்ட். அவனுக்குக் களைப்பு, ஹீ இஸ் டயர்ட். அம்மாவுக்கு ஆச்சரியம், அம்மா இஸ் சர்ப்ரைஸ்ட். அந்த அலுப்பையும் களைப்பையும் ஆச்சரியத்தையும் கொண்டுவந்து கொடுத்தது எதுவோ அதற்கு ஐஎன்ஜி. படம் போரிங், கொழும்பிலிருந்து இரவு முழுக்க வருகிற ரயில் டயரிங், மகனின் ரிசல்ட் சர்ப்ரைசிங்.

இந்த விதியே முக்கால்வாசிப் பிழையைத் தீர்த்துவிடும். மீதிக் காலுக்குத்தான் இவ்வளவு பெரிய கட்டுரை.

ஆங்கில வினை ஏன் இப்படி நடக்கிறது? போர், டயர், இன்ட்ரஸ்ட், கன்பியூஸ், பிரைட்டன், இந்தச் சொற்களுக்கு நாம் மனதில் வைத்திருக்கிற பொருளே பிசகு. 'போர்' என்றால் அலுப்பது என்று நினைக்கிறோம். அலுக்க வைப்பது என்பதே பொருள். 'டயர்' களைக்க வைப்பது, 'பிரைட்டன்' பயப்படுத்துவது. எல்லாமே பிறவினைகள், எல்லாமே மற்றவன் மேல் செய்கிற வேலைகள். செய்கிறவனுக்கு ஐஎன்ஜி, பட்டவனுக்கு ஈடி. அவ்வளவுதான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க நான் வைத்திருக்கிற சொல் 'குழம்பு'. கறி இல்லை, வினை. கேள்வி பிள்ளையைக் குழப்புகிறது, பிள்ளை குழம்புகிறது. குழப்புகிற கேள்வி கன்பியூசிங். குழம்பிய பிள்ளை கன்பியூஸ்ட். பாருங்கள், நம்மிடமும் அதே பிரிவு இருக்கிறது! நாம் அதைச் சொல்லின் நடுவயிற்றில் வைத்திருக்கிறோம், 'ம்பு' மெலிந்தால் பட்டவன், 'ப்பு' வலித்தால் செய்தவன். வருந்து, வருத்து. மயங்கு, மயக்கு. திருந்து, திருத்து. ஆங்கிலக்காரன் அதையே வாலில் வைத்திருக்கிறான். அதனால் சந்தேகம் வந்தால் தமிழில் ஒருதரம் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். 'குழம்பிய கேள்வி' என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். அப்படியென்றால் 'கன்பியூஸ்ட் கொஸ்டின்' என்றும் எழுதக்கூடாது.

ஆளுக்கு ஈடி, பொருளுக்கு ஐஎன்ஜி என்று சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஆளும் ஐஎன்ஜி ஆகலாம். ஒரு வாத்தியார் வகுப்பை நித்திரையாக்கினால் அவர் போரிங் டீச்சர். அதே வாத்தியாருக்குத் தன் பாடமே அலுத்துப்போயிருந்தால் போர்ட் டீச்சர். இரண்டுமாக இருக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், ஒன்று பெரும்பாலும் மற்றதைக் கூட்டிக்கொண்டு வரும். பொருளிலும் 'எ வொரிட் லுக்', 'எ போர்ட் வாய்ஸ்' என்று வருவதுண்டு, ஏனென்றால் பார்வையும் குரலும் மனிசருடையவை. ஆனால் கதிரைக்கும் புத்தகத்துக்கும் அலுப்பு வராது. 'போர்ட் புக்' கிடையாது.

இன்னொரு குழப்பம், ஐஎன்ஜி நிகழ்காலம், ஈடி இறந்தகாலம் என்று நினைத்துக்கொள்வது. 'நேற்று பார்த்த படம், அதனால் போர்ட் பிலிம்' என்று ஒரு பிள்ளை எழுதியது. கணக்கு நியாயமானதுதான், பாவம். ஆனால் உணர்ச்சிச் சொற்களில் வாலுக்கும் காலத்துக்கும் சம்பந்தமில்லை. காலத்தைச் சொல்வது பக்கத்தில் நிற்கிற 'இஸ்', 'வாஸ்', 'வில் பீ'. நேற்றைய படம் 'வாஸ் போரிங்'. நாளைக்குக் கரண்ட் இல்லாவிட்டால் 'ஐ வில் பீ போர்ட்'. நாளைக்கு நடக்கப்போகிறதற்கு ஈடி வந்திருக்கிறது, பார்த்தீர்களா?

இனிப் பெயரெச்சம். இங்கேதான் தமிழ் நம்மைக் கொஞ்சம் செல்லம் கொடுத்துக் கெடுத்துவைத்திருக்கிறது. 'படித்த' என்ற ஒரே சொல்லை எடுங்கள். படித்த பிள்ளை, படித்த புத்தகம், படித்த பள்ளிக்கூடம், படித்த காலம், படித்த விளக்கு, படித்த படிப்பு. பிள்ளை செய்பவன், புத்தகம் செய்பொருள், பள்ளிக்கூடம் நிலம், விளக்கு கருவி. நன்னூல் இப்படி ஆறைக் கணக்குச் சொல்கிறது. ஆறுக்கும் ஒரே 'படித்த'. யார் யாரைச் செய்தார்கள் என்பதைக் கேட்கிறவரே பிரித்துக்கொள்வார். புத்தகம் எதையோ படித்தது என்று தமிழில் யாரும் விளங்கிக்கொள்வதில்லை.

ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. பெயருக்கு முன்னால் வால் ஒட்டிய வினையை வைத்தால், அந்தப் பெயர் செய்ததா, பட்டதா என்று வாலே சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் விளக்குக்கும் இந்த வழியே இல்லை, 'தி ஸ்கூல் வேர் ஐ ஸ்டடீட்' என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். அவித்த முட்டை 'பாயில்ட் எக்', முட்டை தானாக எதையும் அவிக்கவில்லை. டவுனில் சாப்பாட்டுக் கடைப் பலகைகளில் 'பிரை ரைஸ்' என்று வால் வெட்டி எழுதியிருப்பதைப் பார்க்கலாம். சோறு பொரிக்கப்பட்டது, ஆகவே 'பிரைட் ரைஸ்'. அதில் மரக்கறி, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்தால் 'மிக்ஸ்ட் பிரைட் ரைஸ்', ஒரே சாப்பாட்டில் இரண்டு ஈடி. வால் இல்லாவிட்டாலும் ருசி குறையாது என்று கடைக்காரர் சொல்வார். அதுவும் சரிதான்.

உணர்ச்சி இல்லாத இந்த மாதிரிச் சொற்களில் மட்டும் வால் காலத்தையும் கொஞ்சம் தொட்டுக்கொள்ளும். ஐஎன்ஜி என்றால் வேலை இன்னும் நடக்கிறது, ஈடி என்றால் முடிந்தது. திருக்கடலூர்க் கரையில் வெட்டி உப்புப் போட்டுக் காயவைத்த மீனைப் பாருங்கள். முதல் நாள் மணம் பொல்லாதது, ஈ மொய்க்கும், ஒரு கிழவி தடியோடு காகம் கலைத்துக்கொண்டிருப்பா. அது 'டிரையிங் பிஷ்'. வெயில் சரியாக எறித்து, கையில் எடுத்தால் பலகை போல விறைத்து நிற்கிற அன்று அது 'டிரைட் பிஷ்', கருவாடு. அதே மீன், அதே பாய், வால் மட்டும் மாறியிருக்கிறது.

கன்னியா வெந்நீர் ஊற்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் யாராவது ஒரு பிள்ளை 'செவன் பாயிலிங் வெல்ஸ்' என்று எழுதாமல் விடாது. ஏழு கிணறு என்பது சரி. பாயிலிங் என்றால் தளதளவென்று கொதித்துக்கொண்டிருப்பது. அப்படி இருந்தால் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிற சனம் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சரி என்று அடுத்த பிள்ளை 'பாயில்ட் வாட்டர்' என்று திருத்தும். அது கொதித்தாறிய தண்ணீர், காய்ச்சல்காரனுக்குக் குடிக்கக் கொடுப்பது. மூன்றாவது பிள்ளை 'ஹீட்டட்' என்று போகும், அப்போது யாரோ அடியில் விறகு வைத்து எரிக்கிற எண்ணம் வரும். வெறுமனே 'ஹாட்' போதும். எல்லா இடத்திலும் வால் ஒட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எங்கள் துறைமுகத்தில் கிடந்த சகைங் என்ற கப்பலை வைத்து ஒரு பாடமே நடத்தலாம், நடத்தியும் இருக்கிறேன். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அதன் மேல் குண்டு விழுந்தது. எரிந்துகொண்டிருக்கும்போது அது 'பர்னிங் ஷிப்'. நெருப்பு அணைந்த பிறகு 'டேமேஜ்ட் ஷிப்'. தண்ணீருக்குள் போகிற நேரம் 'சிங்கிங் ஷிப்', அதைப் பாட்டுப் பாடுகிற கப்பல் என்று நினைத்துவிடக்கூடாது, இரண்டு சொல்லுக்கும் நம் எழுத்தில் வித்தியாசம் காட்ட முடியாது. அடியில் போய் அமர்ந்த பிறகு 'சங்கன் ஷிப்'. அப்படியே ஏறக்குறைய 75 வருடம் கிடந்து, 2018ல் கடற்படை அதை மேலே கொண்டுவந்தபோது 'ரெய்ஸ்ட் ஷிப்'. பெயரின் கடைசியில் ஐஎன்ஜி எழுத்துகள் இருக்கின்றனவே என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்டது. அது பர்மாவில் ஒரு ஊரின் பெயர், 'சகா' என்று ஒரு வினை கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது 'சங்கன்'. ஈடி இல்லை. ஆங்கிலத்தில் ஒழுங்கில்லாத வினைகளுக்கு மூன்றாவது வடிவம் தனியாக வரும், புரோக்கன், ஸ்டோலன், புரோசன், பாலன் என்று. ஈடி வால் என்று நான் சொல்வதெல்லாம் இவற்றுக்கும் சேர்த்துத்தான். நாம் மூழ்கிய கப்பல், மூழ்கடித்த கப்பல் என்று பிரித்துச் சொல்வோம். உடைந்த யன்னல், உடைத்த யன்னல் என்றும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'புரோக்கன் விண்டோ' தான், உடைத்தவன் தப்பிவிடுவான். இந்த ஒரு இடத்தில் தமிழ் ஆங்கிலத்தை விடக் கறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அப்புறம் பட்டவனுக்கு ஈடி என்ற விதிக்கு அடங்காத சிலரும் இருக்கிறார்கள். நானே ஒருவன், 'ரிடையர்ட் டீச்சர்'. என்னை யாரும் எதுவும் செய்யவில்லை, நானாகத்தான் ஓய்வெடுத்தேன். விழுந்த தேங்காய் 'பாலன் கோகனட்', தப்பியோடிய கைதி 'எஸ்கேப்ட் பிரிசனர்'. செயப்படுபொருள் கேட்காத வினைகளில் இப்படி, ஈடி வெறும் முடிந்ததை மட்டும் காட்டும். விழுகிற தேங்காய் 'பாலிங் கோகனட்', அதைக் கண்டால் இலக்கணம் பார்க்காமல் ஓட வேண்டும்.

வால் போலத் தெரிந்து வால் இல்லாதவையும் உண்டு. 'பிஷிங் போட்' என்பது மீன் பிடிக்கிற படகுதான், ஆனால் படகு மீன் பிடிப்பதில்லை, மீன் பிடிப்பதற்கான படகு. 'வாக்கிங் ஸ்டிக்' நடப்பதில்லை. இவற்றில் ஐஎன்ஜி தொழிற்பெயர், 'எதற்கு' என்ற கேள்விக்குப் பதில். கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் கோட்டைக்குள் மேய்கிற புள்ளிமான்களை 'ஸ்பாட்டட் டீர்' என்கிறோம், அதில் ஈடி என்றால் புள்ளி உடைய என்று பொருள். யாரும் தூரிகை எடுத்துப் புள்ளி வைத்ததில்லை. ஆனால் அதே மான் டவுன் வரை இறங்கி வந்து, திரும்புகிற ஆட்டோவின் ஹோர்னுக்குத் துள்ளிப் பாய்ந்தால் 'பிரைட்டன்ட் டீர்'. 'பிரைட்டனிங் டீர்' என்று எழுதினால் ஆட்டோக்காரர் பயந்து ஓட வேண்டியிருக்கும்.

சில சொற்களுக்கு ஐஎன்ஜி பக்கம் வேறு வடிவம் வழங்கும். பயந்த ஆள் 'ஸ்கேர்ட்', பயங்காட்டுகிற படம் 'ஸ்கேரி'. அசந்துபோன ஆள் 'இம்ப்ரெஸ்ட்', அசத்துகிற விஷயம் 'இம்ப்ரெசிவ்'. 'ஸ்ட்ரெஸ்ட்' ஆள், 'ஸ்ட்ரெஸ்புல்' வேலை. 'ஸ்கேரிங்', 'இம்ப்ரெசிங்' என்று சொன்னால் விளங்கும், ஆனால் காதில் இடறும். இவற்றுக்கு விதி தேடி நேரத்தை வீணாக்காமல் பாடமாக்கிவிடுங்கள்.

ஈடிச் சொற்களுக்குப் பின்னால் வருகிற ஒட்டுச் சொற்களும் அப்படித்தான். 'இன்ட்ரஸ்டட் இன்', 'வொரிட் அபௌட்', 'எக்ஸைட்டட் அபௌட்', 'போர்ட் வித்'. ஒன்றை மட்டும் நின்று பார்க்கலாம். 'டயர்ட் பிரம்' என்றால் உடம்புக் களைப்பு, 'டயர்ட் ஆப்' என்றால் மனம் சலித்தது. நாள் முழுக்கத் துடுப்பு வலித்தவன் முன்னதைச் சொன்னால் தேத்தண்ணி கொடுக்கலாம். பின்னதைச் சொன்னால் அவன் வேறு வேலை தேடுகிறான்.

கடைசியாக உச்சரிப்பு, ஏனென்றால் பலர் ஈடியைத் தெரியாமல் விடுவதில்லை, கேட்காததால் விடுகிறார்கள். ஈடி பெரும்பாலும் தனி அசையாக ஒலிப்பதில்லை. 'ஷாக்ட்', 'சர்ப்ரைஸ்ட்', 'டயர்ட்' எல்லாம் கடைசியில் நாக்கு நுனி ஒருதரம் தட்டுவதோடு முடிந்துவிடும். முன்னாலேயே டகர ஒலி இருந்தால் மட்டும் தனி அசை, 'எக்ஸைட்டட்', 'இன்ட்ரஸ்டட்' போல. வேகமாகப் பேசும்போது அந்தத் தட்டலை விட்டுவிட்டால் 'ஐ ஆம் டயர்' ஆகிவிடும், அது சைக்கிளுக்குப் போடுகிற டயர். போர்டில் இன்னொரு சங்கடம், அது கரும்பலகையைச் சொல்கிற போர்டோடு அச்சொட்டாக ஒரே ஒலி. 'நான் பலகை என்று சொல்வதா' என்ற கூச்சத்திலேயே சில பிள்ளைகள் போரிங்குக்கு ஓடிவிடுகின்றன. படகுத் தம்பியும் அந்தக் கட்சிதான் என்று பிறகு ஒத்துக்கொண்டான்.

போன கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தவன் எனக்கு வட்ஸப்பில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்: கடல் பொல்லாதது, படகைக் கரைக்கு ஏற்றிவிட்டேன், ஐ ஆம் வெரி போர்ட் சேர். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பலகைக்கு எழுதுகிற போர்ட்.